நீங்க சொல்லுங்க, நான் நிக்கிறேன்

“உங்ககிட்ட விசுவாசம் பத்தலம்மா. மனசுல எங்கேயோ ஒரு மூலையில சந்தேகம் உக்காந்திருக்கு. அது போனாத்தான் ஆண்டவர் செயல்படுவார்.”

என் சித்தியிடம் ஒருவர் சொன்ன வார்த்தை இது. தங்கச்சிமடத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். எங்கள் பக்கத்தில் செபக்குழு நடத்துகிறவர். கெட்டவர் கிடையாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆஸ்பத்திரியில் ராத்தங்க ஆள் இல்லை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனாலேயே அந்த வார்த்தையை, யாரோ உளறியது என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. நல்ல மனுஷர் ஒருத்தர், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, மகனைக் கடலில் பறிகொடுத்தவளிடம் உன் மகன் திரும்பாததற்கு உன் மனசுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டவும் செய்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. சித்தியே அதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, எனக்குத்தான் இன்னும் உள்ளே கிடந்து அறுக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்று தொடங்கியிருந்த நேரம். அந்த மாதங்களில் எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வடகடல் பொல்லாதது, தென்கடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். சோழகம் என்கிற தென்காற்று வந்தால் கதை தலைகீழ். நண்டு வலை எடுக்க வடகடலுக்குப் போன வத்தைப் படகில் மூன்று பேர் இருந்தார்கள். பொழுது விடிவதற்கு முன்னால் கவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேர் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்து, வேறொரு படகின் கண்ணில் பட்டுக் கரை வந்தார்கள். சித்தியின் மகன், என் தம்பி, வரவில்லை. ஊர்ப் படகுகள் நாள்கணக்கில் தேடின. கரை ஒதுங்கினால் சொல்லுங்கள் என்று தொண்டி வரைக்கும் தகவல் கொடுத்து வைத்திருந்தோம். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் சித்தி செய்யாத செபம் இல்லை. அந்தோணியார் காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். வீட்டுச் சாவி தொலைந்தாலும் அந்தோணியாரே என்றுதான் வாய் கூப்பிடும், பெரும்பாலும் கிடைத்தும்விடும். சித்தி செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாளுக்குப் போனாள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கையில் மெழுகுவர்த்தியும் காணிக்கையும் கொடுத்துவிட்டாள். உபவாசம் இருந்தாள். முழங்காலில் கெபி என்கிற குகைக் கோவில் வரைக்கும் போனாள். அவ்வளவும் செய்தவளிடம்தான் அவர் விசுவாசம் பத்தவில்லை என்றார். எவ்வளவு இருந்தால் பத்தும்? கடுகளவு போதும் என்று மத்தேயு 17-இல் இயேசு சொன்னதைத்தான் அவரும் எடுத்துப் பேசினார். கடுகளவு போதும் என்ற வசனத்தை வைத்தே ஒருத்தியிடம் அதுகூட உன்னிடம் இல்லை என்று சொல்ல முடிகிறது என்றால், வசனத்தை நாம் எந்தப் பக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

கல்லறை இல்லாதவர்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை அன்று மாலை பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர் அழிந்த சிலுவைகளுக்கு மறுபடி பெயின்ட் பூசி வைத்திருப்பார்கள். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும். சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார்.

முதல் வருஷம் சித்தியும் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தி. எங்கே வைப்பது? சித்தப்பா கல்லறையில் இரண்டை ஏற்றினாள். மிச்சத்தைப் பெரிய சிலுவையின் அடியில் வைக்கப் போனவள், வைக்காமல் திரும்பிவிட்டாள். வைத்தால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. வைக்காவிட்டால் அவனை மறந்துவிட்ட மாதிரி. மிச்ச மெழுகுவர்த்தியோடு வீட்டுக்கு வந்து, கரண்ட் போகிற ராத்திரிகளுக்கு அதையே கொளுத்தித் தீர்த்தாள்.

வருஷத் திதிக்குப் பூசைக் கருத்து எழுதப் பங்கு அலுவலகத்துக்குப் போனபோது நான் கூட இருந்தேன். உபதேசியார் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்: “ஆன்ம இளைப்பாற்றிக்கா, நலம் வேண்டியா?” சித்தி பதில் சொல்லவில்லை. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சநேரம் பார்த்தார். முதலாவது செத்தவர்களுக்கு, இரண்டாவது உயிரோடிருக்கிறவர்களுக்கு. அந்த நோட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே இடம் கிடையாது. பிறகு அவர் எதையும் கேட்காமல் தம்பியின் பெயரை மட்டும் எழுதினார், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். மறுநாள் காலைப் பூசையிலும் வெறும் பெயர்தான் வாசிக்கப்பட்டது. ஆன்மா இளைப்பாறவும் இல்லை, நலம் பெறவும் இல்லை. அந்த உபதேசியாருக்கு மறைநூல் படிப்பு பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் சித்தியின் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஒருவர் உயிரோடிருந்தால் யாருக்கெல்லாம் தகவல் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கே 7 ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால், இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. இப்போதைய புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. நிவாரணம், இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு என்று கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இந்த 7 வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்டு படுகிற பாடு தனிக்கதை. ஆனாலும் சட்டம் ஒரு தேதியைக் கொடுக்கிறது. மனசுக்கு அப்படித் தேதி எதுவும் இல்லை. நம்புவதும் நம்பாமலிருப்பதும் ஒரே ஆளுக்குள் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று மாறிமாறி நடக்கிறது. செபக்குழு அண்ணன் சந்தேகம் என்று சொன்னது இதைத்தான். அது எங்கேயோ மூலையில் உட்கார்ந்திருக்கவும் இல்லை, வீட்டு நடுவிலேயே இருந்தது.

வேதசாட்சிகளின் கடற்கரை

எங்கள் பக்கத்தில் சந்தேகப்படுவது ஏன் இவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். நாங்கள் வளர்ந்த மண் அப்படி. மண்டபம் பக்கத்து வேதாளையில் 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு, தன் மக்களோடு நின்று கொல்லப்பட்டார். அந்தச் சபையின் முதல் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், அவர்தான். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் அதே சபைக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலைவெட்டப்பட்டார். அதற்கு முன்பு சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவே எழுதியிருக்கிறார். ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து மாடத்தில் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. பிரசங்கத்தில் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விசுவாசம் என்றால் கத்திக்குக் கழுத்தை நீட்டுவது. வலை கிழிந்து, கடன் ஏறி, கேட்ட வரம் கிடைக்காமல், ராத்திரி தூக்கம் வராமல் ‘மேலே யாராவது இருக்கிறார்களா’ என்று கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறவனுக்கு இந்த வரிசையில் இடம் எங்கே?

தனுஷ்கோடியையும் இப்படித்தான் சொல்வார்கள். 1964 டிசம்பரில் புயலும் கடலும் சேர்ந்து ஊரைத் தூக்கிக்கொண்டு போனது, பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது, எல்லோருக்கும் தெரியும். கூரை போன கோவில் சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன, சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். தியானத்துக்கு வருகிற பிரசங்கியார்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “எல்லாம் போனபோதும் உங்கள் முன்னோர் விசுவாசத்தை விடவில்லை!” கூட்டம் அல்லேலூயா சொல்லும். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். (ஆமாம், சந்தேகம்தான்.) அந்த முன்னோர்களிடம் யாராவது கேட்டார்களா? பிள்ளைகளின் உடலைக்கூடப் பார்க்காமல் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வந்து ஒண்டினவர்களில் எத்தனை பேர் கோவில் வாசலில் நின்று உள்ளே போக மனசில்லாமல் திரும்பியிருப்பார்கள்? அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் அவர்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். பிறகு அந்த உயரத்துக்கு நாம் எட்டவில்லையே என்று குன்றிப்போகிறோம்.

சித்தி சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சித்திக்குப் பக்கத்தில் நின்றேன். பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்து, ‘நம்புகிறேன்’ என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். சித்தியின் உதடு அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேரே பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். சொல்லி முடித்ததும், மன்றாட்டுகளுக்குச் சத்தமாகப் பதில் சொன்னாள். மறதியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும்.

மறைக்கல்வி எடுக்கிறவள் இல்லையா, எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் அவள் கடற்கரையில் நண்டு கழித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து கேட்டேன். நண்டு கழிப்பது பொறுமையான வேலை. வலைநூல் நண்டின் ஒவ்வொரு காலிலும் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்தால் விலை போச்சு. கொடுக்கை இடது கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு சுற்றாக விடுவிக்க வேண்டும். சித்தி வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“மத்ததெல்லாம் சொல்லிருவேன் பிள்ள. ஆண்டவரே இரக்கமாயிரும்னு சொல்லிருவேன், அது கேக்குறதுதானே. பரலோக மந்திரம் சொல்லிருவேன். இது மட்டும் வாய்ல வரமாட்டேங்குது. நம்புறேன் நம்புறேன்னு கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்லச் சொல்றியா?”

“அப்ப எதுக்கு சித்தி கோயிலுக்கு வர்றீங்க?” கேட்டபிறகுதான் கேள்வி எவ்வளவு கூர்மையாக விழுந்தது என்று தெரிந்தது. சித்தி கோபப்படவில்லை.

“வராம எங்க போறது? நீங்கல்லாம் சொல்றீங்கள்ல. நீங்க சொல்லுங்க, நான் நிக்கிறேன்.”

அவ்வளவுதான். ஒரு நண்டை விடுவித்துக் கூடையில் போட்டுவிட்டு, நாளைக்கு நண்டு என்ன விலை போகும் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

யாருடைய விசுவாசம்

வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாற்கு 2-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்கு நானே பலமுறை கதையாகச் சொன்னதுதான். முடக்குவாதக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே போக முடியவில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு ‘அவர்களுடைய’ விசுவாசத்தைக் கண்டு அவனிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதாகவே இல்லை. அவனுக்கு விசுவாசம் இருந்ததா, ‘என்னைச் சும்மா விடுங்கடா’ என்று திட்டிக்கொண்டு வந்தானா, யாருக்குத் தெரியும்? தூக்கிவந்தவர்களின் விசுவாசமே அங்கே கணக்கில் வந்தது.

நயீன் ஊர் விதவையின் கதை லூக்கா 7-இல் இருக்கிறது. ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இயேசு அந்தத் தாயைப் பார்த்து மனமிரங்கி, அழாதே என்கிறார், பாடையைத் தொடுகிறார். உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்கவே இல்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. செபக்குழு அண்ணனிடம் பிறகு ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் உடனே நாசரேத்தை எடுத்தார்: அங்கே அவர்களுடைய அவிசுவாசத்தால்தானே இயேசு அதிகம் அற்புதம் செய்யவில்லை? உண்மைதான், மத்தேயு 13-இல் அப்படி இருக்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நாசரேத்துக்காரர்கள் அவரை அலட்சியம் செய்தவர்கள். சித்தி அலட்சியமா செய்கிறாள்? வாராவாரம் வந்து நிற்கிறாள். அடுத்து அவர் யாக்கோபு கடிதத்துக்குப் போனார், சந்தேகப்படுகிறவன் காற்றில் அலைகிற கடல் அலை என்று. அதற்கு ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள் அண்ணே, அங்கே கேட்கச் சொல்வது ஞானத்தை என்றேன். சிரித்துவிட்டு, டீச்சர்கிட்ட வாய் கொடுக்கக் கூடாது என்று போய்விட்டார். மனசு மாறியதாகத் தெரியவில்லை.

பூசையில் சமாதானம் சொல்வதற்கு முன் குருவானவர் சொல்லும் செபம் ஒன்று இருக்கிறது. எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் விசுவாசத்தைப் பாரும் என்று ஆண்டவரிடம் கேட்பார். எத்தனையோ வருஷம் காதில் விழுந்தும் நின்று கேட்டதில்லை. என் விசுவாசத்தைப் பாரும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. எல்லோருடையதையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் காட்டுகிறோம். கிராமத்து மொய் நோட்டில் இந்த வருஷம் எழுத முடியாதவன் அடுத்த வருஷம் எழுதிக்கொள்வது போல, அதற்காக அவனுக்கு யாரும் பந்தியில் இலை போடாமல் விடுவதில்லை.

பிரான்சில் கன்னியர் மடத்தில் வாழ்ந்த புனிதை குழந்தை தெரசாளை ஊரில் ரோஜாப்பூவோடு சிரித்தபடி நிற்கும் சுரூபமாகத்தான் தெரியும். 1896 உயிர்ப்புத் திருநாள் சமயம் தொடங்கி, 1897 செப்டம்பர் 30-இல் 24 வயதில் காசநோயால் சாகும்வரை, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்கிற இருட்டு அவரை விடவில்லை. தலைமைச் சகோதரி கேட்டுக்கொண்டதற்காக அவர் எழுதிய குறிப்புகளில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டாராம். என் சித்தி அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறாள், அவர் அதை இரத்தத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சித்திக்கு இதைச் சொன்னபோது, “பாவம், சின்னப் பிள்ளை. யாராவது பக்கத்துல இருந்தாங்களா?” என்று மட்டும் கேட்டாள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது, அவருக்கும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் போயிருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்தது. சிலுவையில் தொங்கியவரே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தியிருக்கிறார். நம் பிரசங்கங்களில் இதெல்லாம் பெரிய வெள்ளியன்று ஒருநாள் வந்துவிட்டுப் போய்விடுகிறது.

சோர்ந்து போனவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் எலியாவின் கதை, 1 அரசர்கள் 19. போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடிக்கு அடியில் படுத்துவிடுகிறார். வானதூதர் வந்து அவரைத் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறார். அப்பமும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடுதான். உபதேசம் எதுவும் இல்லை, கேள்வி எல்லாம் அவர் நடந்து மலைக்குப் போன பிறகுதான். தம்பி போன புதிதில் சித்தி வீட்டில் அடுப்பு எரியாதபோது, பக்கத்து வீட்டு ராவுத்தர் வீட்டம்மா வாரக்கணக்கில் சோறும் ஆணமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போவார். சித்தி இன்றைக்கும் மறக்காமல் சொல்வது அதைத்தான்.

எல்லோரும் சித்தியைப் போல நின்றுவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதே மாதிரி ஒரு வீட்டில், அண்ணனைப் பறிகொடுத்த பையன் ஒருவன் கோவிலை முற்றாக விட்டுவிட்டான். திருப்பூரில் வேலை செய்கிறான், ஊருக்கு வந்தாலும் திருவிழாச் சப்பரம் தூக்க மட்டும் தோள் கொடுப்பான். அவன் போனதற்குச் சந்தேகம் காரணம் என்று ஊர் சொல்லும். எனக்கென்னவோ, சந்தேகத்தைச் சொன்னபோது அவனுக்குக் கிடைத்த பதில்கள்தான் காரணம் என்று படுகிறது. அவன் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. புயல் எச்சரிக்கை இருந்தும் போனவன் திரும்பி வருகிறான், இல்லாத நாளில் போனவன் வருவதில்லை, இதில் ஆண்டவருடைய சித்தம் என்ன என்று கேட்டான். மறைக்கல்விப் புத்தகத்தில் அதற்குப் பாடம் இல்லை. ஆண்டவர் நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்பது போன்ற பதிலைச் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல்.

இந்த வருஷத் தவக்காலத் தியானத்துக்கான கூட்டத்தில் சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. வழக்கமான பட்டியல்தான்: கட்டி கரைந்தவர், குழந்தை வரம் பெற்றவர், குடியை விட்டவர். அவர்கள் பேசட்டும், நல்லதுதான். கூடவே, கேட்டது கிடைக்காத ஒருத்தரும் பேசலாமே, கிடைக்காமலும் இன்னும் வருகிறவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், “ஜனங்க சோர்ந்து போயிருவாங்க டீச்சர்” என்றார். ஏற்கெனவே சோர்ந்துதான் இருக்கிறார்கள் என்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள்.

சித்தியிடம் வந்து, அடுத்த வருஷம் கூப்பிட்டால் பேசுவீர்களா என்று கேட்டேன். “மைக்கைக் குடுத்துப் பாரு,” என்றாள். “நேர்ச்சைக் காசைத் திருப்பிக் குடுங்கன்னு மொதல்ல அந்தோணியார்கிட்டத்தான் கேப்பேன்.”